பெருவடிவக் கேமராவும் இலகு முக்காலியும்: வேப்பனப்பள்ளிக் குன்றுகளை முன்வைத்து ஒரு மீளாய்வு

வினாவும் அதன் களமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வட விளிம்பில், கர்நாடகமும் ஆந்திரமும் தொட்டுக்கொண்டிருக்கும் வேப்பனப்பள்ளி வட்டாரத்தில் தொடங்கி, தெற்கே மகாராஜகடை, மேற்கே சூளகிரி, தென்மேற்கே ராயக்கோட்டை எனப் பரவிக் கிடக்கும் கருங்கல் குன்றுகள், தமிழகத்தின் தொன்மைச் சான்றுகள் செறிந்த நிலப்பகுதிகளுள் ஒன்றாகும். கல்திட்டைகளும் நடுகற்களும் பாறை ஓவியங்களும் சிதைந்த கோட்டைச் சுவர்களும் இக்குன்றுகளின் சரிவுகளிலும் உச்சிகளிலும் உள்ளன. இதே மாவட்டத்தின் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வின் வழியே தமிழகத்தில் இரும்புப் பயன்பாட்டின் தொன்மை ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்குப் பின்னோக்கிச் செல்கிறது என்று 2022-இல் அறிவிக்கப்பட்டபின் இந்நிலப்பகுதியின்மீது கவனம் கூடியிருக்கிறது. அதே வேளையில், கருங்கல் வெட்டும் தொழிலும் இம்மாவட்டத்தில் பெரிய அளவில் நடைபெறுவதால், இன்று காணும் குன்றின் வடிவம் ஒரு தலைமுறைக்குப் பின்னும் அப்படியே இருக்கும் என்று கருத இயலாது. ஆகவே இவற்றை மிக நுட்பமான விவரங்களுடன் படமாக்கி வைப்பது அவசரமான பணி என்றே கொள்ள வேண்டும்.

அப்பணிக்குப் பயன்படும் கருவிகளுள் ஒன்று பெருவடிவக் கேமரா. 4×5 அங்குலமோ அதைவிடப் பெரிதோ ஆன தனித்தனி ஃபிலிம் தாள்களில் படம் எடுப்பதும், வில்லை பொருந்திய முன்சட்டமும் ஃபிலிம் பொருந்திய பின்சட்டமும் ஒரு துருத்தியால் இணைக்கப்பட்டிருப்பதும் இதன் அடிப்படை அமைப்பு. இரண்டு சட்டங்களையும் தனித்தனியே உயர்த்தவும் சாய்க்கவும் திருப்பவும் முடிவதால், உயர்ந்த நடுகல்லையும் அகன்ற கல்திட்டையையும் கோணல் இல்லாமல், முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை கூர்மையாகப் பதிவுசெய்யலாம். ஆனால் படமெடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்த்துச் சரிசெய்து, பிறகு அக்கண்ணாடியின் இடத்தில் ஃபிலிம் உறையைச் செருகி, அதன்பின்னரே ஷட்டரை இயக்க வேண்டியிருப்பதால், இவ்வளவு நேரமும் கேமரா ஒரு மயிரிழையும் நகராமல் நிற்க வேண்டும். ஆக, முக்காலி என்பது இங்கே துணைக்கருவி அன்று. கேமராவின் உறுப்புகளுள் ஒன்று.

நடந்தே ஏறவேண்டிய குன்றுக்கு இவ்வுறுப்பை எவ்வளவு இலகுவாகக் கொண்டுசெல்லலாம் என்பதே வினா. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இதற்குப் பல விடைகள் தரப்பட்டுள்ளன. அவ்விடைகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு முதன்மையான காரணம், ‘உறுதி’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு குறைகளைப் பற்றிய அச்சங்கள் கலந்திருப்பதும், அம்மூன்றுக்கும் மருந்தாக ‘எடை’ என்ற ஒரே அளவு முன்வைக்கப்பட்டதும்தான் என்று இக்கட்டுரை கருதுகிறது.

பிறர் தோளில் சென்ற முக்காலி

இந்த நிலப்பகுதிக்கும் பெருவடிவப் படக்கலைக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, 1857-ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, அடுத்த ஆண்டின் முற்பகுதி முழுவதும் தமிழகத்தின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். 1858-இல் வெளியான அவருடைய தொகுதிகளுள் ஒன்று ராயக்கோட்டையையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டுவது. இன்றைய கிருஷ்ணகிரி, ஓசூர் பகுதிகள் அப்போது சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791-இல், ஆங்கிலேயர் கைப்பற்றிய ராயக்கோட்டைக் குன்று, ஏறத்தாழ 12×15 அங்குல அளவுள்ள மெழுகூட்டிய காகித எதிர்ப்படங்களில் பதிவானது அவ்வாறே.

டிரைப்பின் முறையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர் கண்ணாடித் தகட்டைத் தவிர்த்துக் காகிதத்தைத் தேர்ந்தது. மெழுகூட்டிய காகிதம் எடை குறைந்தது, முன்கூட்டியே தயார்செய்து எடுத்துச் செல்லத்தக்கது, வெயிலில் இருட்டுக் கூடாரம் அமைத்து உடனுக்குடன் கழுவ வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. எடையைக் குறைக்க வேண்டிய இடம் முக்காலிதான் என்ற இன்றைய முன்முடிவை இது ஐயுற வைக்கிறது. இரண்டாவது, அக்காகிதத்தின் ஒளியுணர்வு மிகக் குறைவாதலால் ஒளிபடும் நேரம் நிமிடக் கணக்கில் நீண்டது. மூன்று நிமிடப் பதிவின் இடையே ஒரு விநாடி காற்றடித்துக் கேமரா நடுங்கினால், மொத்த ஒளியில் மிகச் சிறு பகுதியே அந்நடுக்கத்தால் கெடும். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் கேமரா மெல்லத் தொய்ந்து இறங்கினாலோ ஒரு கால் மண்ணில் அமிழ்ந்தாலோ படம் முழுவதும் பாழாகும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீள ஒற்றைப் படமாக அவர் இணைத்துக்காட்டியதும், கேமராவை ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில், ஒரே தொலைவில், அசையாது நிறுத்த முடிந்ததன் சான்றாகும்.

டிரைப்பின் சுமையை மாட்டு வண்டிகள் இழுத்தன. சில ஆண்டுகளுக்குப் பின் இமயமலையில் 1863 முதல் 1866 வரை மூன்று நெடும்பயணங்கள் மேற்கொண்டு, ஏறத்தாழ 18,600 அடி உயர மணிரங் கணவாய்வரை கண்ணாடித் தகடுகளைக் கொண்டுசென்ற சாமுவேல் போர்னின் கருவிகளைச் சுமந்தவர்கள், பெயர் பதிவாகாத பல கூலித் தொழிலாளர்கள். இவர்களுக்கும் முன்னர், 1802-இல் சென்னை புனித தோமையார் மலையருகே அடிக்கோடு அளந்து தென்னிந்திய முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டனின் பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடை கொண்டது. கருவி கனமாயிருப்பதே அதன் நம்பகத்தன்மைக்கு உறுதி என்ற எண்ணம் அளவையாளர் மரபிலும் புகைப்பட மரபிலும் ஒருசேர ஊன்றியது, அக்கனத்தைத் தாங்கிய தோள்கள் வேறொருவருடையவை என்ற ஏற்பாட்டின்மீதுதான் என்பதை இத்துறையின் வரலாற்று நூல்கள் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தன் சுமையைத் தானே சுமந்தவர்களின் காலம் பின்னரே வருகிறது. 1927 ஏப்ரலில் அமெரிக்காவின் யோசமிட்டி பள்ளத்தாக்கில் ஹாஃப் டோம் பாறையைப் படமெடுக்கச் சென்ற ஆன்சல் ஆடம்ஸ், ஆறரை × எட்டரை அங்குலக் கேமராவும் ஒரு டஜன் கண்ணாடித் தகடுகளும் மரமுக்காலியும் அடங்கிய ஏறத்தாழ 18 கிலோ சுமையைத் தாமே முதுகில் ஏற்றிக்கொண்டு பனிச்சரிவில் ஏறினார். இலகு முக்காலி என்ற வினா, அதன் இன்றைய பொருளில், இத்தகைய நடைப்பயணிகளிடம்தான் பிறந்தது.

மூன்று குறைகள்

பழைய விடைகளை எடைபோடுவதற்கு முன் அக்குறைகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது அதிர்வு: ஒளிபடும் நேரத்தில் கேமரா நுண்ணளவில் நடுங்குவது. இரண்டாவது கவிழ்வு: காற்றோ கைபட்ட தள்ளலோ முக்காலியைச் சாய்த்துவிடுவது. மூன்றாவது தொய்வு: சட்டகம் அமைத்து முடித்தபின் தலைப்பகுதியோ காலின் பூட்டோ சிறிது சிறிதாக இறங்குவது.

அதிர்வை எதிர்ப்பது காலின் விறைப்பு, அதாவது வளையாமை. மெல்லிய சுவருடைய குழாயின் வளைவு விறைப்பு அதன் விட்டத்தின் மும்மடிக்கேற்பக் கூடுவதால், சுவர்த் தடிமன் மாறாமல் விட்டம் 28 மி.மீ.யிலிருந்து 32 மி.மீ. ஆனால், எடை ஏழில் ஒரு பங்கு மட்டுமே கூடும். விறைப்போ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். அதேபோல ஒரு முனையில் பிடிக்கப்பட்ட கோல், நீளத்தின் மும்மடிக்கேற்ப வளைந்து கொடுப்பதால், காலின் நீளத்தை 150 செ.மீ.யிலிருந்து 130 ஆகக் குறைத்தாலும் ஏறத்தாழ அதே ஒன்றரை மடங்கு பலன், அதுவும் எடை குறைந்தே, கிடைக்கிறது. மூட்டுகளின் தளர்ச்சியும் தலைப்பகுதியின் நெகிழ்வும் சேரும்போது உண்மையான முக்காலியில் இக்கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், அது காட்டும் திசை ஐயத்துக்கு இடமற்றது.

கவிழ்வை எதிர்ப்பதோ மொத்த எடையும் கால்கள் விரிந்த பரப்பும். 4×5 கேமராவும் அதன்மேல் போர்த்திய கறுப்புத் துணியும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.04 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 36 கி.மீ. காற்று அதன்மேல் செலுத்தும் விசை 2 முதல் 3 நியூட்டன், அதாவது கால் கிலோ எடை பக்கவாட்டில் தள்ளுவதற்கு நிகர். கேமராவும் முக்காலியுமாக 4.5 கிலோ நிற்குமானால் இதைத் தாங்கிவிடும். ஆனால் காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும் என்பதால், 72 கி.மீ. வேகத்தில் அதே அமைப்பு கவிழக்கூடும். இடைப்பட்ட நிலையில் கேமரா கவிழாது. ஆனால் படம் மங்கும். கவிழாமல் நிற்கிறதே என்பதை வைத்துப் படம் கூர்மையாக வரும் என்று நம்புவது இத்துறையில் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு.

பெரிய ஃபிலிமுக்குப் பெரிதாக்கம் குறைவு, ஆகவே நடுக்கத்தையும் அது பொறுத்துக்கொள்ளும் என்ற வாதமும் உண்டு. இது பாதி உண்மையே. ஒரே கோண அகலத்தைப் படமாக்க 4×5 கேமராவுக்கு 150 மி.மீ. வில்லை தேவைப்பட, 35 மி.மீ. கேமராவுக்கு அதில் நாலில் ஒரு பங்கு குவியத்தொலைவே போதும். கேமரா கோணத்தில் ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஆடினால் பெரிய ஃபிலிமில் பிம்பம் நான்கு மடங்கு அதிகமாக நகரும். பெரிதாக்கம் நான்கில் ஒரு பங்காக இருப்பது அதை ஈடுசெய்கிறது, அவ்வளவே. கோண நடுக்கத்தைப் பொறுத்தவரை பெருவடிவத்துக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. பெருவடிவ வில்லையிலுள்ள இலை ஷட்டர் மிக மென்மையாக இயங்குவதும் உள்ளே தாவும் கண்ணாடி இல்லாததும் உண்மையான சலுகைகள். அதனால் இக்கேமராவின் அதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கிறது: காற்று.

கனமே உறுதி என்ற தரப்பு

இத்தரப்பே மிகப் பழையது, இன்றும் வலிமையானது. ஜெர்மனியில் 1898 முதல் இயங்கிவரும் பெர்லெபாக் போன்ற நிறுவனங்கள் செய்யும் ஆஷ் மர முக்காலிகள் இம்மரபின் வாரிசுகள். மரம் அதிர்வை விரைவில் அடக்கிவிடும் இயல்புடையது; தட்டினால் உலோகக் குழாய்போல ரீங்கரிக்காது; மரக்காலில் பூட்டும் எளிது. தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களில் நின்ற ஸ்டாண்டு கேமராக்களுக்கும், 1940-களில் ஆலப்புழையில் செய்யப்படத் தொடங்கிய வாகீஸ்வரி மரக் கேமராவுக்கும் ஏற்ற துணை மரக்கால்களே.

இத்தரப்பிலிருந்து வந்த விதிகள் பல: முக்காலி கேமராவைவிடக் கனமாக இருக்க வேண்டும், முக்காலியின் சுமைதிறன் கேமரா எடையைப்போல் இரு மடங்கோ மும்மடங்கோ இருக்க வேண்டும். இவ்விதிகள் அனுபவத்தில் விளைந்தவை. ஒரே பொருளால் செய்த முக்காலிகளுக்குள் ஒப்பிட்டால் ஓரளவு பொருந்தவும் செய்யும், ஏனெனில் அங்கே கூடுதல் எடை என்பது பெரும்பாலும் கூடுதல் விட்டத்தைக் குறிக்கிறது. பொருள் மாறியதும் விதி தளர்கிறது. சுமைதிறன் என்ற எண்ணோ இன்னும் நம்பிக்கைக்குரியதன்று. அதை அளக்க உற்பத்தியாளர்கள் எல்லாரும் ஏற்ற பொதுமுறை இல்லை. கால்கள் வழுக்காமல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண், அவ்வெடையின்கீழ் எவ்வளவு நடுங்கும் என்பதைச் சொல்வதில்லை. 10 கிலோ தாங்கும் என்று எழுதப்பட்ட இலகு முக்காலியில் ஒன்றரைக் கிலோ மரக் கேமரா துருத்தியை நீட்டி நின்று காற்றில் ஆடுவதில் வியப்பில்லை.

ஒளிபடும் நேரத்தைப் பற்றிய வேறுபாட்டையும் இத்தரப்பு கணக்கில் கொள்வதில்லை. இன்றைய ஃபிலிமில், எஃப் 22 அல்லது எஃப் 32 துளையில், காலை மாலை வெளிச்சத்தில் கால் விநாடி முதல் இரண்டு விநாடி வரையான பதிவுகளே மிகுதி. நடுக்கத்தின் ஓர் அலைவு முழுவதும் அடங்கிவிடும் இந்நேர அளவே அதிர்வுக்கு மிகவும் ஆட்படக்கூடியது. நிமிடக் கணக்கில் ஒளிபடுத்திய டிரைப்பின் காலத்து அச்சம் தொய்வும் அமிழ்வும். இன்றைய அச்சம் அதிர்வு. அன்றைய மருந்தை இன்றைய நோய்க்கு அப்படியே தருவது பொருந்துமா என்பதைக் கனத் தரப்பினர் பரிசீலித்ததாகத் தெரியவில்லை.

கார்பன் இழையின் வருகை

பிரான்சில் தோன்றிய கிட்சோ நிறுவனம் 1994-இல் கார்பன் இழைக் குழாய்களால் ஆன முக்காலியை வெளியிட்டபோது விவாதத்தின் அடித்தளமே மாறியது. கார்பன் இழைகளைப் பிசினில் தோய்த்து அடுக்கிச் செய்யும் குழாயின் அடர்த்தி அலுமினியத்தின் அடர்த்தியில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு. நீளவாக்கில் இழைகள் மிகுந்திருந்தால் விறைப்போ அலுமினியத்துக்கு நிகர் அல்லது மேல். அதிர்வை அடக்குவதிலும் அலுமினியத்தைவிட இது மேம்பட்டதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. இன்று 28 மி.மீ. மேற்குழாயுடன், மையத்தண்டு இல்லாமல், 1.2 கிலோ அளவில் முக்காலிகள் கிடைக்கின்றன. முன்பு இதே உயரத்துக்கு இதைப்போல் இருமடங்கு எடை வேண்டியிருந்தது.

ஆயினும் ‘கார்பன்’ என்ற பெயர் மட்டும் எதையும் உறுதிசெய்வதில்லை. இழைகள் எந்தக் கோணத்தில் அடுக்கப்பட்டன என்பதைப் பொறுத்து விறைப்பு பெரிதும் மாறும். முறுக்கு விசையைத் தாங்கச் சாய்வான அடுக்குகள் தேவை, மலிவான குழாய்களில் அவை குறைவாக இருக்கலாம், வாங்குபவரால் அதைக் கண்ணால் காண இயலாது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்த் துண்டுகளான கால் அடுக்குகளின் எண்ணிக்கையும் முக்கியம். நான்கு அடுக்குக் காலில் அடியிலுள்ள குழாய் பெரும்பாலும் 20 மி.மீ.க்கும் குறைவான விட்டமுடையது. மேற்குழாயின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அதற்கு இருக்கும். பையில் அடங்குவதற்காக நான்கு அடுக்கைத் தேர்பவர் மொத்த அமைப்பின் மிக நலிந்த பகுதியை மிகத் தாழ்ந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார். குன்றேறுபவருக்கு மூன்று அடுக்கே பொருத்தமானது. பைக்கு வெளியே கட்டிக்கொள்வதால் வரும் தொல்லை சிறியது.

விலையையும் சொல்லியாக வேண்டும். நல்ல கார்பன் முக்காலிகள் பெரும்பாலும் இறக்குமதியானவை. கிராமத்துத் தொல்லியல் ஆர்வலருக்கோ கல்லூரி மாணவருக்கோ அவை எட்டாதவை. இவ்வட்டாரத்தின் நடுகற்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பதிவுசெய்வோரில் பலர் இத்தகைய ஆர்வலர்களே என்பதால் இக்குறை சிறியதன்று.

தலைப்பகுதி: அதிகம் பேசப்படாத நலிவு

இலகு முக்காலி பற்றிய விவாதம் கால்களைச் சுற்றியே நிகழ்ந்திருக்கிறது. தலைப்பகுதி, அதாவது கேமராவை ஏந்தித் திருப்பும் மூட்டு, போதிய கவனம் பெறவில்லை. மூன்று அச்சுகளுக்கும் தனித்தனிக் கைப்பிடி உள்ள தலை, ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கலையாமல் காப்பதால் பெருவடிவத்துக்கு இயல்பாகப் பொருந்தும். ஆனால் அதன் எடை ஒரு கிலோவை எளிதில் தாண்டும். பந்துத்தலை இலகுவானது, விரைவானது. துருத்தியை நீட்டி 300 மி.மீ. வில்லை பொருத்தும்போது எடைமையம் முன்னோக்கி நகர்ந்து, சிறிய பந்து மெல்லத் தொய்கிறது; இறுக்கிய கணத்திலேயே சட்டகம் ஒரு நூல் இறங்குவதும் உண்டு.

மூன்றாவது வழி ஒன்று உள்ளது, அது மிகப் பழையதும் ஆகும்: தலையையே விட்டுவிடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கேமராக்கள் பல முக்காலியின் மேற்பலகையில் நேரே திருகப்பட்டன. மட்டம் பார்ப்பது கால்களை நீட்டிக் குறுக்குவதன் வழியே நடந்தது. பெருவடிவக் கேமராவின் சட்டங்கள் தாமே சாயவும் உயரவும் கூடியவை ஆதலால், கேமராவின் அடித்தளம் மட்டமாக நின்றாலே பெரும்பாலான தேவைகள் நிறைவேறும். சிறிய மட்டத்தட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தலையை நீக்கினால் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைவதோடு, அதிர்வுக்கும் தொய்வுக்கும் ஒருங்கே காரணமான மூட்டும் நீங்குகிறது. கட்டடங்களையும் நடுகற்களையும் நேர்நின்று எடுப்போருக்கு இதுவே சிறந்த வழி என்று துணிந்து கூறலாம். உச்சியிலிருந்து செங்குத்தாகக் கீழ்நோக்கியோ பாறைக் குகையின் விதானத்தை மேல்நோக்கியோ எடுப்போருக்கு இது உதவாது.

உயரத்தைக் குறைத்தலும் எடையை ஏற்றுதலும்

கேமரா கண்மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் கேமராக்களிலிருந்து வந்த வழக்கம். தேய்த்த கண்ணாடியைச் சற்றுத் தள்ளிநின்று குனிந்து பார்ப்பதால் பெருவடிவத்துக்கு மார்பளவு போதும். ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு 120 முதல் 130 செ.மீ. உயர முக்காலி நிறைவானது. முன்னர்க் கண்ட மும்மடிக் கணக்கின்படி இங்கே விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு அங்குலமும் பெரும்பலன் தருகிறது. நடுகற்கள் பலவும் இடுப்பளவு உயரமே உடையவை, கல்திட்டைகளின் மூடுகல்லும் பெரும்பாலும் தாழ்ந்தே இருப்பது என்பதால், பொருளின் நடுமட்டத்தில் கேமராவை நிறுத்துவது ஆவணப்பதிவுக்கும் உகந்தது. நடுவில் உயரும் மையத்தண்டைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. அது ஒற்றைக்கால்மேல் கேமராவை ஏற்றுவதற்குச் சமம், விட்டுவிடலாம்.

முக்காலியின் நடுவே கல் நிரம்பிய பையைத் தொங்கவிடுவது மற்றொரு பரவலான பரிந்துரை. அது கவிழ்வைத் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. அதிர்வையும் குறைக்குமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு: விறைப்பைக் கூட்டாமல் நிறையை மட்டும் கூட்டுவது நடுக்கத்தின் வேகத்தைக் குறைக்குமே தவிர நிறுத்தாது; அந்தரத்தில் தொங்கும் பை காற்றில் ஊசலாடிக் கேமராவையும் தன்னோடு இழுக்கும். பையின் அடி தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இழுத்துக் கட்டினால் இக்குறை பெரிதும் நீங்குகிறது. காற்றைத் தாங்கும் பரப்பைக் குறைப்பதற்கு, சட்டகம் அமைந்ததும் கறுப்புத் துணியைக் கழற்றிவிடுவதும் துருத்தியின் காற்றுப்புறத்தில் ஒருவர் நின்று மறைப்பதும் எடையற்ற மருந்துகள். இவை பரிந்துரைகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

முக்காலியே வேண்டாம் என்போரும் உண்டு. பத்திரிகைத் துறையில் ஒரு காலத்தில் கையில் பிடித்தே இயக்கப்பட்ட 4×5 கேமராக்கள் இருந்தன. சட்டங்களின் அசைவுகளைப் பயன்படுத்த முடியாமற்போவதால், பெருவடிவத்தைத் தேர்ந்ததன் நோக்கமே அங்கு அடிபட்டுப்போகிறது.

குன்றும் காற்றும் யானையும்

பொதுவிடை எதுவும் இடத்தோடு பொருத்திப் பார்க்கும்வரை முழுமையாகாது. வேப்பனப்பள்ளி வட்டாரக் குன்றுகள் இமயத்தைப் போல நாட்கணக்கில் ஏற வேண்டியவை அல்ல; பெரும்பாலானவற்றில் ஒரு காலைப்பொழுதில் ஏறி இறங்கிவிடலாம். ஆனால் ஏற்றம் செங்குத்தானது, நிழல் குறைவு, குடிநீரைச் சுமந்தே செல்ல வேண்டும். ஒன்றரைக் கிலோ கேமரா, இரண்டு வில்லைகள், ஒவ்வொன்றும் 150 முதல் 200 கிராம் எடையுள்ள ஆறு ஃபிலிம் உறைகள், ஒளிமானி, துணி இவற்றோடு மூன்று லிட்டர் நீரும் சேரும்போது, முக்காலியில் மிச்சப்படும் ஒரு கிலோ என்பது ஒரு லிட்டர் தண்ணீர் என்றே கணக்கிடத்தக்கது. வெயில் காலத்தில் அது ஆடம்பரமன்று.

தரையும் வேறுபடுகிறது. மொட்டைப் பாறையில் கூர்முனைக் கால்கள் வழுக்கும், ரப்பர் அடிகளே பற்றும். அடிவாரத்துச் செம்மண்ணிலும் மார்க்கண்டேய நதியை ஒட்டிய வயல்வெளிகளிலும் ரப்பர் அடி அமிழும், கூர்முனை வேண்டும். இரண்டையும் மாற்றிப் பொருத்தும் வசதி சில கிராம்களுக்குள் கிடைப்பதால் அதைத் தவிர்ப்பதற்குக் காரணமில்லை. பாறைமேல் நிறுத்திய கால் அமிழாது என்பதால், மண்தரை மரபிலிருந்து வந்த கனவிதி இங்கே ஓரளவு தளர்ச்சி பெறலாம்.

காற்றோ அவ்வளவு சலுகை தருவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் மேட்டுநிலத்தைக் கடந்து வரும் காற்று, தனித்து நிற்கும் இக்குன்றுகளின் உச்சியில் வலுவாக வீசும். அம்மியையும் பறக்கவிடும் என்று சொல்லப்படும் ஆடிக்காற்றில் எந்த இலகு முக்காலியும் உச்சியில் நம்பத்தக்கதன்று. மார்கழி, தை மாதங்களின் அதிகாலைகள் இதற்கு நேரெதிர், அப்போது 1.2 கிலோ முக்காலியே பெரும்பாலும் போதும். பாறை ஒதுக்குகளின் உட்புறத்தில் காற்று நுழைவதில்லை. ஆனால் வெளிச்சக் குறைவால் பதிவு நேரம் பத்து விநாடியையும் தாண்டும், ஆகவே அங்கே தொய்வே முதற்பகை. ஆக, ஒரே குன்றின் உச்சியும் ஒதுக்கும் இருவேறு தேவைகளை எழுப்புகின்றன.

இவற்றோடு, எந்தக் கையேட்டிலும் காணக்கிடைக்காத ஒரு காரணியும் உண்டு. கர்நாடக, ஆந்திரக் காடுகளுக்கிடையே இடம்பெயரும் யானைக் கூட்டங்கள் இவ்வட்டாரக் காப்புக்காடுகளின் வழியே செல்கின்றன. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினக் காப்பகமும் இம்மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில் பரவியிருக்கிறது. வனத்துறையின் அனுமதியோடு சென்றாலும் விரைந்து இடம்பெயர வேண்டிய நிலை வரலாம். ஒரு நிமிடத்துக்குள் மடித்துத் தோளில் ஏற்ற முடியாத முக்காலி இங்கே பாதுகாப்பான தேர்வு அன்று. இந்த ஒரு காரணத்துக்காகவே எட்டுக் கிலோ மரமுக்காலியை இக்காடுகளுக்கு விலக்கலாம்.

ஓசூரின் பட்டறைகளும் மூங்கிலும்

இறக்குமதி விலைக்கு மாற்றாக இவ்வட்டாரத்திலேயே கிடைக்கும் சாத்தியங்கள் போதிய ஆய்வு பெறவில்லை. நில அளவையர் பயன்படுத்தும் முக்காலி எங்கும் கிடைப்பது, உறுதியானது, ஆனால் கனமானது. அதன் 5/8 அங்குலத் திருகு கேமராவின் 3/8 அங்குலத் துளைக்குப் பொருந்தாது. வண்டி செல்லும் இடங்களுக்கு இதைக் கொண்டுசெல்ல, ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி இயங்கும் லேத் பட்டறைகளில் ஒரு பித்தளை இணைப்பைக் கடைந்துகொள்வது எளிது. வாகன உதிரிபாகங்களை நுண்ணிய அளவுப் பிசகுக்குள் கடையும் இப்பட்டறைகளுக்கு, தலையில்லாத முக்காலிக்குரிய மட்டத்தட்டும் மாற்றிப் பொருத்தும் கூர்முனைகளும் கடினமான வேலை அல்ல.

கால்களுக்கு மூங்கில் ஏற்றதா என்பது இன்னும் சுவையான வினா. அடர்த்திக்கு ஈடாகக் கிடைக்கும் விறைப்பில் நன்கு முற்றி உலர்ந்த மூங்கில் அலுமினியத்துக்கு அருகில் வருகிறது. இயல்பிலேயே குழாய் வடிவுடையது. இழைமிக்க பொருளாதலால் அதிர்வையும் அடக்கக்கூடும். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அடுக்குகளாக அதைச் செய்ய இயலாது, கணுவுக்குக் கணு விட்டம் மாறும், ஈரப்பதம் மாறுகையில் வெடிக்கும் என்பவை தெரிந்த குறைகள். நீளம் மாறாத இரண்டு துண்டுக் கால்களாகச் செய்து, உலோகக் குமிழால் இணைத்தால், 130 செ.மீ. உயரத்துக்கு அது எவ்வளவு எடை வரும், எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்பது சோதித்தே அறிய வேண்டியது.

தீராதவை

இதுவரையான தரப்புகளை ஒப்பிட்டால் சில முடிவுகளை எச்சரிக்கையுடன் ஏற்கலாம். 4×5 அளவுள்ள, ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரையான களக் கேமராவுக்கு, இவ்வட்டாரக் குன்றுகளில், காற்றடங்கிய மாதங்களில், 28 மி.மீ.க்குக் குறையாத மேற்குழாயும் மூன்று அடுக்குக் கால்களும் உடைய, மையத்தண்டற்ற, மார்பளவு உயர முக்காலி நடைமுறையில் போதுமானதாகத் தோன்றுகிறது. தலையை நீக்குவதும் உயரத்தைக் குறைப்பதும், குழாயின் விட்டத்தைக் குறைப்பதைவிட நல்ல சிக்கனங்கள். 8×10 அங்குலக் கேமராவுக்கு இதை நீட்டிப் பொருத்துவதற்குச் சான்றில்லை. அங்கே துருத்தியின் பரப்பும் எடையும் ஒருசேரப் பெருகுவதால் கனத் தரப்பின் வாதம் வலுவாகவே நிற்கிறது.

தீராதவற்றுள் முதலாவது, அளவுகோலின்மை. விறைப்பை அளந்து வெளியிடும் சுயேச்சைச் சோதனைகள் அண்மைக் காலத்தில் தொடங்கியிருப்பினும், துருத்திக் கேமராவின் மேல் பக்கவாட்டில் மோதும் காற்றை ஒத்த சோதனை இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஏப்ரல், மே மாத நண்பகலில் பாறையின் வெப்பம் கார்பன் குழாயின் பூட்டுகளையும் பிசினையும் நாளடைவில் எப்படிப் பாதிக்கும் என்பதும் களத்தில் பார்த்தறிய வேண்டியதே. எண்முறைக் கேமராவில் பல படங்களை எடுத்து ஒட்டுவது பெருவடிவ ஃபிலிமின் இடத்தை முற்றிலும் நிரப்புமானால் இவ்வினாவே தேவையற்றதாகிவிடும் என்ற எதிர்வாதத்துக்கும் முழுமையான மறுமொழி கிடையாது. எனினும் டிரைப்பின் எதிர்ப்படங்கள் 160 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கும் அளவுக்கு எந்த எண்முறைக் கோப்பும் இதுவரை காலத்தால் சோதிக்கப்படவில்லை.

இவற்றுள் முதல் வினாவுக்கேனும் விடைகாணப் பெருஞ்செலவு தேவையில்லை. கேமராவின்மேல் ஒரு சிறு லேசர் விளக்கைப் பொருத்தி 20 மீட்டர் தொலைவிலுள்ள பாறையில் அதன் புள்ளியை விழச் செய்தால், ஒரு கலை அளவுள்ள கோண நடுக்கம் அங்கே ஏறத்தாழ 6 மி.மீ. அசைவாகக் கண்ணுக்கே தெரியும். ராயக்கோட்டைக் குன்றின் உச்சியில், காற்றின் வேகத்தையும் உடன் அளந்து, மரம், அலுமினியம், கார்பன், மூங்கில் ஆகிய நால்வகைக் கால்களையும் ஒரே உயரத்தில் நிறுத்தி, தலையோடும் தலையின்றியும் இவ்வசைவைப் பதிவுசெய்தால், இவ்வட்டாரத்துக்குரிய முதல் ஒப்பீட்டு அட்டவணை உருவாகும். கல்லூரி இயற்பியல் துறை ஒன்றின் மாணவர் திட்டப்பணிக்குள் அடங்கும் வேலை இது.